இருநூற்றேழாம் நம்பர்

அத்தியாயம் பதினான்கு

இந்த அத்தியாயத்தில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை என்று தண்ணீர்மலை முருகன் கோயில் படிக்கட்டில் நின்று சத்தியம் செய்திருக்கிறேன். படிக்கு ஒரு சத்தியம் என்பது என் திட்டம். முழங்கால் பாதியிலேயே மறுத்துவிட்டதால், மேல் பாதிப் படிகளுக்கு உரிய சத்தியங்களைக் கீழே நின்றபடி மொத்தமாகச் செய்து முடித்தேன். அடிவாரத்தில் தேங்காய் விற்பவர் சாட்சி. சந்தேகம் உள்ளவர்கள் அவரைக் கேட்கலாம். அவருக்குக் காது கேட்காது. சத்தமாகக் கேட்க வேண்டும்.

சென்ற வாரத்தைத் தவறவிட்டவர்களுக்காக நாலு வரி.

என் மகள் லோகேஸ்வரி சுங்கை பினாங்கில் ஒரு பாலர் பள்ளி நடத்துகிறாள். என் மருமகள் யமுனா அதே பள்ளியில் ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு ஆசிரியை. மகளுக்குப் பயிற்சிப் புத்தகத்தில் நம்பிக்கை. மருமகளுக்கு விளையாட்டில் நம்பிக்கை. பிள்ளைகள் கடை வைத்தும் கிளினிக் வைத்தும் கல்யாணம் நடத்தியும் பாவனையாக விளையாட, யமுனா வகுப்பில் ஒரு மூலையை ஒதுக்கியிருந்தாள். அந்த மூலையின் காரணமாக வீட்டில் இருவரும் இரண்டு மாதமாக நேருக்கு நேர் பேசுவதில்லை. ரசம்கூட என் வழியாகத்தான் போய் வரும்.

"அப்பா, ரசம் இருக்கான்னு கேளுங்க" என்பாள் மகள்.

"மாமா, தீந்துபோச்சுன்னு சொல்லுங்க" என்பாள் மருமகள்.

மூவரும் உட்கார்ந்திருப்பது ஒரே மேசையில்தான். இருந்தாலும் நான் இரண்டு செய்தியையும் முறைப்படி ஒப்படைப்பேன். என் மகன் கார்த்திகேயனுக்கு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. இப்படி ஒரு சண்டை நடப்பது அவனுக்கு இன்னும் தெரியாது.

பெற்றோர் குழுத் தலைவர் முத்துவீரப்பன், ஓய்வு பெற்ற வங்கி மேலாளர். அவருடைய பேத்தி மீனாள் யமுனாவின் வகுப்பில் இருக்கிறாள். குழுவின் வாட்சாப்பில் அவர் போட்ட செய்தியோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தேன்: "என் பேத்தியைப் படிக்க அனுப்பினேன். மூன்று மாதமாக அவள் கடை நடத்துகிறாள். வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு நேரில் வருகிறேன்."

லோகேஸ்வரி முடிவு சொல்லிவிட்டாள். முத்துவீரப்பன் ஐயா சரி என்றால் மூலை இருக்கும். இல்லையென்றால் மூலையைக் கலைத்துவிட்டு மேசை போடப்படும். ஆறு மேசைகளும் ஏற்கெனவே வந்து, பிளாஸ்டிக் உறை பிரிக்காமல், ஐந்தடியில், அதாவது வாசல் நடைபாதையில், சுவர் ஓரமாக வரிசை கட்டி நின்றன.

வியாழக்கிழமை மாலை யமுனா என்னிடம், "மூல போச்சுன்னா நானும் போயிருவேன் மாமா. எனக்கு வேற மாதிரி சொல்லிக் குடுக்கத் தெரியாது" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, அக்கரையில் இருக்கும் பட்டர்வொர்த்துக்குக் காலையில் முதல் படகு எத்தனை மணிக்கு என்று கேட்டாள். ஏன் கேட்கிறாள் என்று நான் யோசிக்கவில்லை. ஐந்தே முக்காலாக இருக்கும் என்று சொல்லிவிட்டேன்.

இனி வெள்ளிக்கிழமை.

நான் எட்டரைக்குப் போனபோது மூலையில் நாசி கண்டார் கடை திறந்திருந்தது. சோறு போட்டு, நாலைந்து குழம்பை அதன் தலையில் கலந்து ஊற்றும் சாப்பாடு அது. வெளியூர் வாசகர்களுக்காகச் சொன்னேன். பினாங்கில் இதை விளக்கினால் அடிக்க வருவார்கள்.

கிழித்த வெள்ளைத் தாள்தான் சோறு. பழுப்புக் கம்பளி நூல் குழம்பு. பச்சை ஸ்ட்ராவை வெட்டிப் போட்டால் வெண்டைக்காய். பிங்பாங் பந்து அவித்த முட்டை. சிவப்புக் களிமண் கோழி.

கடை முதலாளி கிஷன், வயது ஐந்து, இடுப்பில் துண்டு கட்டி வாசலில் நின்றான். அந்த மூலைக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. உள்ளே வருகிறவர் எவராக இருந்தாலும், இன்றைக்குத் தான் யார் என்று சொல்லிவிட்டுத்தான் வர வேண்டும்.

"இன்னிக்கு நீங்க யாரு?" என்றான்.

"யமுனா டீச்சரோட மாமனார்."

"நேத்தும் அதத்தானே சொன்னீங்க."

"எனக்கு அது பிடிச்சிருக்கு, பாஸ்."

கிஷன் கொஞ்சம் யோசித்தான். "சரி. மாமனார் கடைசியில நில்லுங்க."

நின்றேன். வாடிக்கையாளர்களாக ஆறு வயது வகுப்பிலிருந்து பதினெட்டுப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். பத்தொன்பதாவது ஆள் பள்ளி வேன் ஓட்டும் பிச்சைமுத்து. இருபதாவது நான். அறை சின்னது, வரிசையின் வாலில் நானும் பிச்சைமுத்துவும் ஐந்தடிக்கு வந்துவிட்டோம். எல்லாவற்றுக்கும் காரணம் அதுதான்.

ஆளுக்கு ஒரு நம்பர் சீட்டு கொடுத்துக்கொண்டு வந்தாள் மீனாள். முந்தின வாரம் அதே மூலை கிளினிக்காக இருந்தது. கிளினிக்கில் சீட்டு கொடுத்தவள், அது கடையாக மாறிய பிறகும் வேலையை விடவில்லை. ஒன்று முதல் இருபது வரை பென்சிலில் எழுதி வைத்திருந்தாள். இருபதோடு நிறுத்தியதற்குக் காரணம், லோகேஸ்வரியின் பயிற்சிப் புத்தகம் இருபதோடு முடிகிறது.

பினாங்குக்காரர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒரு வரிசையைப் பார்த்தால் முதலில் நிற்பார்கள். எதற்கு என்று பிறகு கேட்பார்கள். சிலர் கேட்பதே இல்லை.

எட்டே முக்காலுக்கு, பாசாரிலிருந்து மீன் பையோடு திரும்பிக்கொண்டிருந்த அய்யாக்கண்ணு என்பவர் என்னைப் பார்த்தார், பிச்சைமுத்துவைப் பார்த்தார், உள்ளே "குழம்பு நெறய ஊத்து" என்று சத்தம் வருவதைக் கேட்டார். என் பின்னால் வந்து நின்றுகொண்டார்.

"புதுக் கடையாண்ணே?"

"மூணு மாசமா இருக்கு" என்றேன். அது உண்மைதானே.

மீனாள் சங்கடத்தில் மாட்டிக்கொண்டாள். இருபத்தோராவது ஆள் வந்துவிட்டார். வாயால் ஐம்பது வரை எண்ணுவாள். ஒளிந்து பிடித்து விளையாடியதில் வந்த படிப்பு அது. எழுதியதில்லை. இருபது எழுதத் தெரியும், ஒன்று எழுதத் தெரியும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் கொடுத்தாள்.

அய்யாக்கண்ணு சீட்டைப் பார்த்தார். 201.

உடனே மச்சானுக்குப் போன் போட்டார். "ஒன்பது மணிகூட ஆகல லா. எனக்கு இருநூத்தி ஒண்ணு குடுத்திருக்காங்க. எரநூறு பேரு தின்னுட்டுப் போயிட்டான். நீ என்னா படுத்துக் கெடக்குற?" சொன்னதோடு நிற்காமல் சீட்டைப் படம் எடுத்து ஒரு குரூப்பிலும் போட்டார்.

பத்து நிமிடத்தில் இன்னும் ஐந்து பேர் வந்தார்கள். ஐந்தாவது ஆள் முகம்மது சுல்தான். சூலியா தெருவில் முப்பது வருடமாக நாசி கண்டார் போடுகிறவர். தனக்குத் தெரியாமல் சுங்கை பினாங்கில் ஒரு கடை இருநூறு தாண்டிவிட்டது என்று கேள்விப்பட்டு மோட்டாரை எடுத்துக்கொண்டு பறந்து வந்தவர். 206 வாங்கிக்கொண்டு, யாரும் தன்னை அடையாளம் கண்டுகொள்ளாமல் இருக்க ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்றார்.

சரியாக ஒன்பதுக்கு முத்துவீரப்பன் காடி வந்து நின்றது. வெள்ளைச் சட்டை, கையில் கறுப்புக் கோப்பு. நேராக வாசலுக்கு நடந்தார்.

"அண்ணே, வரிச" என்றார் அய்யாக்கண்ணு.

"நான் பெற்றோர் குழுத் தலைவர்."

"நான் கால் மணி நேரமா நிக்கிறேன்."

அதற்குள் மீனாள் சீட்டுக் கட்டோடு வந்துவிட்டாள். முத்துவீரப்பன் முகம் இளகியது. "ஆத்தா, ஐயா வந்திருக்கேன். உள்ள கூட்டிட்டுப் போ."

"இன்னிக்கு நீங்க யாரு?" என்றாள் மீனாள்.

"என்ன கேள்வி. முத்துவீரப்பன்."

"அது வீட்டுல. இங்க?"

அவர் சுற்றிலும் பார்த்தார். ஏழு பேரும் ஒரு ஹெல்மெட்டும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தோம். நாற்பது வருட வங்கி அனுபவத்தில் இந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை போலிருக்கிறது.

"கஸ்டமர்" என்றார் மெதுவாக.

207 வாங்கிக்கொண்டு கடைசியில் போய் நின்றார். சீட்டைப் படித்தார். கோப்பைத் திறந்து ஏதோ எழுதிக்கொண்டார். அவர் எழுதிய வேகம் எனக்குப் பிடிக்கவில்லை.

லோகேஸ்வரி மாடியிலிருந்து இறங்கி வந்தாள். வரிசையைப் பார்த்தாள். என்னிடம் வந்தாள். "அப்பா, என்னா நடக்குதுன்னு உங்க மருமககிட்டக் கேளுங்க."

மருமகள் நாலடி தள்ளி வாசலில்தான் நின்றாள். கேட்டேன்.

"கடையில கூட்டம்னு சொல்லுங்க மாமா" என்றாள் யமுனா. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. கை மட்டும் கதவுப் பிடியை விடவில்லை.

இதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லத்தான் அத்தனை படிகளில் சத்தியம் செய்தேன்.

அய்யாக்கண்ணு போட்ட படம் தீவைச் சுற்றி வந்தது. வரிசை ஐந்தடியை முடித்து, காப்பிக் கடையைத் தாண்டி, விளக்குக் கம்பத்தில் திரும்பி, ஆற்றுப் பாலத்தில் ஏறியது. பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிளினிக்கில் வேறொரு வரிசை நின்றது. இரண்டின் வாலும் சந்தித்து ஒன்றாகிவிட்டன. காய்ச்சலுக்கு மருந்து வாங்க நின்ற ஒருவர் எப்படியோ எங்கள் பக்கம் திரும்பிவிட்டார். மதியம் முட்டைக் குழம்போடு சாப்பிட்டுவிட்டுப் போனார். காய்ச்சல் விட்டதாகக் கேள்வி.

வாகனங்கள் தேங்கின. ஹைருல் என்ற இளம் போலீஸ்காரர் கூட்டத்தைக் கலைக்க வந்தார். கலைப்பதற்கு முன் எந்தக் கடை, எத்தனை நேரம், மீன் முட்டை இருக்குமா என்று மலாயில் விசாரித்தார். பிறகு தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, தானும் நின்றுவிட்டார்.

மீனாள் 209 வரை கொடுத்திருந்தாள். அதற்குள் கிஷன் அவளை உள்ளே கூப்பிட்டுவிட்டான். நம்பரை அழைப்பதும் அவள் வேலைதான்.

"பத்தொம்போது."

பிச்சைமுத்து போனார், சாப்பிட்டார், ஏப்பம் விட்டுக் காட்டினார். நல்ல நடிகர்.

"இருவது."

நான் போனேன். மாமனாருக்கு மீன் தலை வைத்தார்கள். பழைய செருப்பில் வெட்டிய தலை. கண் கூட இருந்தது.

"இருவத்தொண்ணு."

யாரும் நகரவில்லை.

"இருவத்தொண்ணு."

அய்யாக்கண்ணு தன் சீட்டைப் பார்த்தார். 201. முறை இன்னும் வரவில்லை என்று நினைத்து கால் மாற்றி நின்றார். முகம்மது சுல்தான் ஹெல்மெட்டுக்குள் இருந்து, "இப்பத்தான் இருவது போயிருக்கு. எனக்கு எரநூத்தி ஆறு. நான் திங்கக்கெழமை வரவா?" என்றார்.

கடை நின்றுவிட்டது. கிஷன் கரண்டியோடு காத்திருந்தான். பாலம் வரை வரிசை ஒருமுறை முனகியது.

"இருவத்தொண்ணு வரலேன்னா கடைய சாத்திருவோம்" என்றான் கிஷன். முதலாளிகளுக்குப் பொறுமை குறைவு.

மீனாள் வெளியே வந்து அய்யாக்கண்ணுவின் சீட்டை வாங்கிப் பார்த்தாள். எங்கேயோ தப்பு என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. எங்கே என்றுதான் தெரியவில்லை. கீழுதடு கொஞ்சம் மடங்கியது.

முத்துவீரப்பன் பிளாஸ்டிக் சுற்றிய மேசை ஒன்றில் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். அதே நேரம் லோகேஸ்வரி பென்சிலுக்குக் கையை நீட்டினாள். "இத முன்னாடியே எழுதிப் பழக்கியிருந்தா..."

"அண்ணி, வேணாம்."

லோகேஸ்வரி திரும்பினாள். நானும் திரும்பினேன். இரண்டு மாதத்தில் யமுனா அவளிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அது.

"ஒரு நிமிஷம் மட்டும் விடுங்க அண்ணி. அவ யோசிக்கிறா." பிறகு முத்துவீரப்பனைப் பார்த்து, "ஐயா, கோவிச்சுக்காதீங்க. நீங்க இன்னிக்குக் கஸ்டமர்" என்றாள்.

பேனா மூடி திறந்தபடியே நின்றது. எனக்கு அந்த ஒரு நிமிடத்தில் ஆறு மேசைகளும் உள்ளே போவது தெரிந்தது. பட்டர்வொர்த் படகும் தெரிந்தது.

அப்போது வரிசையில் முப்பதாவதாக நின்ற உமா என்ற பெண் சுவரில் கையை ஊன்றினாள். ஏழு மாத வயிறு. வெயில் ஏறிவிட்டது. முத்துவீரப்பன் பேனாவைப் பையில் செருகிக்கொண்டு எழுந்தார். "உக்காரும்மா" என்றார். அவள் மேசையில் உட்கார்ந்தாள். அவர் பக்கத்தில் நின்றுகொண்டார்.

மீனாள் அதைப் பார்த்தாள்.

மேசையைப் பார்த்தாள், தாத்தாவைப் பார்த்தாள், சீட்டைப் பார்த்தாள். கையில் இருந்த அழிப்பானை எடுத்து நடுவில் இருந்த பூஜ்யத்தைத் தேய்த்தாள். சீட்டு கிழியும் அளவுக்குத் தேய்த்து, ஒன்றை நகர்த்தி அந்த இடத்திலேயே எழுதினாள்.

21.

"சுழியம் சும்மாதானே உக்காந்திருக்கு" என்று அய்யாக்கண்ணுவுக்கு விளக்கினாள். இந்தப் பள்ளியில் பூஜ்யத்துக்குச் சுழியம் என்று பெயர். "ஆளு வந்தா எந்திரிச்சு எடம் குடுக்கணும். ஐயா மாதிரி."

முத்துவீரப்பனைச் சும்மா உட்கார்ந்திருந்த பூஜ்யம் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. ஹெல்மெட்டுக்குள் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. பிச்சைமுத்து வேனைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு அந்தப் பக்கம் போய்ச் சிரித்தார்.

மீனாள் வரிசை நெடுக நடந்து, ஒவ்வொரு சீட்டிலும் பூஜ்யத்தை எழுப்பி விட்டாள். 22. 23. 24. தாத்தாவின் 207 இருபத்தேழானது. உமாவுக்குப் புதுச் சீட்டு எழுதும்போது மட்டும் பென்சில் நின்றது.

"முப்பதுல ஒண்ணும் வரல, ரெண்டும் வரல" என்று முணுமுணுத்தாள். "அப்ப சுழியம் மறுபடி உக்காந்துக்கலாம்."

30 என்று எழுதி, உமாவிடம் கொடுத்துவிட்டு, அடுத்த ஆளிடம் போனாள்.

முத்துவீரப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். யமுனாவிடம் வந்தார். "இத யாரு அவளுக்குச் சொல்லிக் குடுத்தா?"

"யாரும் இல்லைங்க ஐயா. கடையில ஆளு நின்னுச்சு."

அவர் என் பக்கம் சாய்ந்து, ரகசியமாகச் சொன்னார்: "நாப்பது வருஷம் பேங்க்ல அதே சுழியத்தப் பாத்திருக்கேன். அது அங்க ஏன் உக்காந்திருக்குன்னு நான் கேட்டதே இல்ல."

கோப்பில் எழுதியிருந்த தாளை உருவி மடித்து, பையில் வைத்துக்கொண்டார்.

வரிசை நகர்ந்தது. நாற்பது நிமிடம் நின்றவர்களுக்குத் தட்டில் கிழிந்த தாளும் கம்பளி நூலும் வந்தபோது யாராவது கோபப்பட்டார்களா என்று கேட்பீர்கள். ஒருவரும் இல்லை. வாசலில் கிஷன், "இன்னிக்கு நீங்க யாரு?" என்று கேட்டான். ஒருவர் விமானி என்றார். ஒருவர் டாக்டர் என்றார். அய்யாக்கண்ணு ரொம்ப நேரம் யோசித்து, "லீவுல இருக்கிறவன்" என்றார். உட்கார்ந்து திருப்தியாகச் சாப்பிட்டார்கள்.

முகம்மது சுல்தான் முறை வந்தபோது ஹெல்மெட்டைக் கழற்றினார். தட்டைப் பார்க்கவில்லை, கிஷனின் மணிக்கட்டைப் பார்த்தார். அவன் கோழிக் குழம்பில் ஒரு கரண்டி, மீன் குழம்பில் அரைக் கரண்டி, பருப்பில் ஒரு சொட்டு என்று சுழற்றி ஊற்றியதில் ஒரு நூல்கூடத் தட்டுக்கு வெளியே விழவில்லை.

"என் கடையில இருவது வருஷமா நிக்கிறவனுக்கு இந்தக் கை வரல" என்றார். "தம்பி, பதினெட்டு வயசானதும் சூலியா தெருவுக்கு வந்துரு."

"எனக்குச் சொந்தக் கடை இருக்கு பாய்" என்றான் கிஷன்.

அடுத்தது இருபத்தேழு.

முத்துவீரப்பன் தட்டில் சிவப்புக் களிமண் துண்டு விழுந்தது. அவர் கையை நடுவில் நீட்டினார். "இன்னிக்கு வெள்ளிக்கெழம. நான் சைவம்."

கிஷன் களிமண்ணைப் பார்த்தான். "அப்ப இது உருளக்கெழங்கு."

"இப்பத்தானே கோழின்ன?"

"அது முன்னால நின்ன பாய்க்கு."

முத்துவீரப்பன் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். உமா எழுந்துபோன மேசையின் பிளாஸ்டிக் உறையைத் தன் கையாலேயே பிரித்தார். தட்டை வைத்து, சட்டைக் கையை மடித்து, விரலால் பிசைந்து, கடைசித் தாள் துண்டு வரை சாப்பிட்டார். உருளைக்கிழங்கை இரண்டாகப் பிட்டுப் பாதியைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினார். காரம் போல.

லோகேஸ்வரி அவர் எதிரே நின்றாள். யமுனா கதவுப் பக்கம். நான் நடுவில், பழக்க தோஷம்.

"ஐயா, மூலையப் பத்தி என்ன முடிவு?" என்றாள் லோகேஸ்வரி.

"எந்த மூல?"

"அதாங்க, இந்தக் கடை."

அவர் கைக்குட்டையை எடுத்து வாயைத் துடைத்தார். "கடைய மூடச் சொல்ல நான் யாரு? நான் கஸ்டமர்." கைக்குட்டையை மடித்தபடி, "மேச மட்டும் பத்தாது. ஆறையும் பிரிச்சுப் போடச் சொல்லுங்க. ஆளுங்க நின்னுகிட்டே திங்கிறாங்க" என்றார்.

யமுனா கதவுப் பிடியை விட்டாள்.

ஆறு மேசைகளையும் பிச்சைமுத்துவும் ஹைருலும் தூக்கிப் போட்டார்கள். ஹைருல் மேசையைப் போட்டுவிட்டுத் தட்டை நீட்டி மீன் முட்டை கேட்டார். "ஹபிஸ்" என்றான் கிஷன், தீர்ந்துவிட்டது என்று மலாயில். சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான்.

லோகேஸ்வரி மூலையின் வாசலில் வந்து நின்றாள். மூன்று மாதத்தில் அவள் அந்தப் பக்கம் காலை வைத்ததில்லை.

"இன்னிக்கு நீங்க யாரு?" என்றான் கிஷன்.

"பிரின்சிபல்."

"அந்த வேல இங்க இல்ல."

அவள் பின்னால் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். இந்த ஒன்றையாவது அவளே ஒப்படைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

"தண்ணி கலக்குறவ" என்றாள் கடைசியில்.

"தே தாரேக் வருமா?" நுரை பொங்க இழுத்து ஆற்றும் பால் தேநீர் அது.

"வரும்."

இரண்டு பிளாஸ்டிக் குவளைகளை எடுத்தாள். இல்லாத தேநீரை மேலிருந்து கீழே இழுத்தாள். முதல் இழுப்பு இரண்டடி. இரண்டாவது நாலடி. மூன்றாவது இழுப்பு எட்டடி இருக்கும். அவள் உயரம் ஐந்தடி ஒரு அங்குலம். எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள். ஒரு துளி சிந்தவில்லை. பிள்ளைகள் தரையைத் தொட்டுப் பார்த்து உறுதி செய்தார்கள். நுரை மட்டும் ஹைருல் மீசையில் பட்டது. அவர் துடைத்துக்கொண்டார்.

முதல் குவளையை லோகேஸ்வரி என்னிடம் நீட்டினாள். வாங்கிக் கொடுப்பதற்காகக் கையை நீட்டினேன். அவள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு, என்னைச் சுற்றி நடந்து போனாள்.

"யமுனா, இந்தா. சீனி கம்மி."

யமுனா இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தாள். "சூடா இருக்கு அண்ணி" என்றாள்.

எனக்கு வேலை போய்விட்டது.

அன்று மீனாள் எழுதிய கடைசி எண் நானூற்றுப் பதினாறு. நம்பாமல் சீட்டுகளை எண்ணினேன். ஒன்று குறைந்தது. அதை முத்துவீரப்பன் வங்கி அட்டைகளோடு தன் பர்சில் வைத்துக்கொண்டு போனதைப் பிச்சைமுத்து பார்த்திருக்கிறார்.

இரண்டு மணிக்குக் கடை சாத்தினார்கள். லோகேஸ்வரி பெருக்கினாள். தரையில் கிடந்த சீட்டுகளை அள்ளியபோது, மீனாள் கையெழுத்து இல்லாத ஒரு தாள் நடுவில் வந்தது. யமுனாவின் கைப்பையைக் கிஷன் கடைப் பெட்டியாக வைத்திருந்தான். அதிலிருந்து விழுந்திருக்க வேண்டும். அச்சடித்த கடிதம். பட்டர்வொர்த்தில் ஒரு பாலர் பள்ளி, திங்கட்கிழமை முதல் வேலைக்கு வரச் சொல்லி எழுதியிருந்தது. கீழே, ஒப்புக்கொள்வதாக யமுனாவின் கையெழுத்து இருந்தது. வியாழக்கிழமைத் தேதி.

மூலையில் யமுனா பிள்ளைகளோடு பானைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

லோகேஸ்வரி கடிதத்தை இரண்டு முறை படித்தாள். நாலாக மடித்தாள். குப்பைக் கூடையைப் பார்த்தாள். பிறகு தன் கைப்பையில் வைத்து, இழுத்து மூடிவிட்டு, விட்ட இடத்திலிருந்து பெருக்க ஆரம்பித்தாள். நான் பார்த்துக்கொண்டிருந்ததை அவள் கவனிக்கவில்லை.

வாசகர் ஒருவர், மகள் மருமகளோடு நான் நிற்கும் குடும்பப் படம் ஒன்றை அனுப்பி வைக்கும்படி கேட்டு எழுதியிருந்தார். மன்னிக்க வேண்டும், அனுப்ப வழியில்லை. எனக்கு எழுபத்து நாலு வயதாகிறது. இன்னும் கல்யாணம் ஆகவில்லை.